பாய்க்கப்பலின் ஏவல் மொழி



மரக்கலச் சொற்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்ததும், நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, பஃறி, திமில் என்று நிகண்டு வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று நண்பர்கள் சிலர் நினைத்திருக்கலாம். தமிழில் கப்பலைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் பட்டியல் வரும், கைதட்டலும் வாங்கிவிடும். ஆனால் அது கரையில் நிற்பவன் போட்ட பட்டியல். தூரத்தில் போகும் கலத்தைப் பார்த்து, அதற்கு என்ன பெயர் என்று கேட்பவனுக்கு உரியது. கலத்தின் உள்ளே இருப்பவனுக்குத் தான் எதில் இருக்கிறோம் என்பது தெரியும். எந்தக் கயிற்றை இழுப்பது, எதைத் தளர்த்துவது, எந்த நொடியில் என்பதுதான் அவன் கவலை. அந்தக் கவலையிலிருந்து பிறந்த சொற்களைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நீங்கள் வசதியாகச் சண்டைக்கு வரலாம். அகராதிகள் இச்சொற்களைப் பெயர்ச்சொற்களாகப் பதிந்து வைத்திருக்கின்றன. கப்பலில் அவை ஏவல்களாகவே வாழ்ந்தன. காற்றின் இரைச்சலை மீறி ஒருவன் கத்த, நூறடிக்கு அப்பால் இருப்பவன் இருட்டில் கேட்டு, யோசிக்காமல் கையை நீட்டிச் செய்யவேண்டிய செயல் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இருந்தது. எந்தச் சொல் நிலைத்தது, எது மறைந்தது, எது அயல்மொழியிலிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் கிடைக்கிறது என்பது என் துணிபு.

கயிற்றிலிருந்து தொடங்குவோம். லண்டன் கிரீனிச்சில் கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பலைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1869இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டியது. மூன்று பாய்மரம். எல்லாப் பாய்களையும் விரித்தால் 32,000 சதுர அடி. அதில் ஓடும் கயிறுகளின் மொத்த நீளம் சுமார் 11 மைல். இவ்வளவையும் கையாண்டவர்கள் ஏறத்தாழ முப்பது பேர். இத்தனை கயிறு இருந்தும், ஆங்கில மாலுமி கப்பலில் எதையும் வெறுமனே ‘ரோப்’ என்று சொல்வது அரிது. பாயை மேலேற்றுவது ஹால்யார்ட். பாயின் கீழ்மூலையைப் பிடித்து இழுப்பது ஷீட். குறுக்கு மரத்தைத் திருப்புவது பிரேஸ். பாயைச் சுருட்ட உதவுபவை கிளூலைன், பண்ட்லைன். ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் ஒரு முளை உண்டு. அதை விட்டு வேறிடத்தில் கட்டக்கூடாது. புதிதாக வந்த பையன் முதலில் மனப்பாடம் செய்தது இந்த இடங்களைத்தான். மழையும் இருட்டுமான நடுநிசியில் கண்ணால் தேட முடியாது, கைதான் தேடும். பெயரைக் காதில் வாங்கியதுமே கால் அந்த முளைக்கு நடக்கவேண்டும். ‘கயிற்றை இழு’ என்று பொதுவாகச் சொன்னால் அங்கே ஒன்றும் நடக்காது. நடந்தால் அதைவிட மோசம்.

ஷீட் என்றால் பாய் என்று நினைத்து மொழிபெயர்த்தவர்கள் உண்டு. பாயல்ல, பாயின் கயிறு. தமிழ்க் கடற்கரையில் அதற்குத் தாமான் என்று பெயர். பாயைக் காற்றுக்குத் தக்கபடி இறுக்குவதும் தளர்த்துவதும் இந்தக் கயிற்றால்தான். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். நங்கூரத்தைப் பிடித்து நிற்கும் தடித்த வடம் ஆலாத்து. பாரத்தை மேலே இழுக்க உதவும் உருளை கப்பி. அது கிணற்றடி வரைக்கும் வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இப்படிப்பட்ட கப்பல் வழக்குச் சொற்கள் அங்கங்கே கிடைக்கும். தொகுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தாமான் என்ற சொல்லை அங்கே பார்க்கும்போது, அது ஒரு பொருளின் பெயர் என்று மட்டுமே தெரிகிறது. பெருங்காற்று அறையும்போது அந்தக் கயிற்றை ஒரு நொடி தாமதமாகத் தளர்த்தினால் தோணி சாய்ந்து கவிழும் என்பது தெரிவதில்லை.

இனி ஒரு காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சதுரப் பாய்க் கப்பல் காற்றை எதிர்த்து நேராகப் போகமுடியாது. வட்டத்தை முப்பத்திரண்டு பாகையங்களாகப் பிரித்தால், காற்று வரும் திசையிலிருந்து ஆறு பாகையம், அதாவது சுமார் 67 டிகிரி, விலகித்தான் போகும். எனவே எதிர்க்காற்றில் முன்னேற வேண்டுமானால் ஒருபுறம் சாய்ந்து ஓடி, பிறகு மூக்கைக் காற்றுக்குள் திருப்பி, மறுபுறம் சாய்ந்து ஓடவேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் மாலுமித்தனம் முழுதும் தெரியும்.

தலைவன் முதலில் ‘ரெடி அபவுட்’ என்பான். எல்லோரும் அவரவர் கயிற்றடிக்கு ஓடுவார்கள். சுக்கானைத் திருப்பியதும் ‘ஹெல்ம்ஸ் எ-லீ’ என்ற குரல் வரும்; முன்பாய்களின் ஷீட்களை விட்டுவிடுவார்கள். கப்பல் மெல்லக் காற்றை நோக்கித் திரும்பும். பாய்கள் படபடக்கும். இப்போது தலைவன் வாயைத் திறக்காமல் காத்திருக்கிறான். மூக்கு காற்றை நெருங்க நெருங்க, முன்மரத்துப் பாய்கள் நடுமரத்துப் பாய்களுக்குக் காற்று போகாமல் மறைக்கும். அந்த மறைவில் நடுமரத்துப் பருமல்கள் பாரம் இழந்து நிற்கும் ஒரு கணம் உண்டு. அப்போது ‘மெயின்சல் ஹால்’ என்று கத்துவான். பல டன் எடையுள்ள மரமும் பாயும் சுழன்று மறுபுறம் போய் நிற்கும். சற்று முந்திச் சொல்லியிருந்தால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிந்தினால் கப்பலுக்கு வேகம் செத்துவிடும். முன்மரத்துப் பாய்கள் பின்னுக்கு அழுத்தி, மூக்கை மறுபக்கம் தள்ளி முடித்ததும் ‘லெட் கோ அண்ட் ஹால்’. முன்மரத்துப் பருமல்களும் திரும்பும். கப்பல் புதிய பக்கத்தில் ஓடத் தொடங்கும்.

முக்கியமான ஏவல் நான்கே. ஒன்றுக்கும் விளக்கம் கிடையாது. ‘மெயின்சல் ஹால்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பெரும்பாயை இழு’ என்று வரும். நடப்பதோ நடுமரத்திலும் பின்மரத்திலும் உள்ள எல்லாப் பருமல்களையும் ஒரே வீச்சில் திருப்புவது. அதனால்தான் இவற்றைக் கரையிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

காதில் எப்படி விழுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரிட்டிஷ் கடற்படையே சாட்சி. கப்பலின் வலப்பக்கம் ஸ்டார்போர்ட். பழங்காலத்தில் சுக்கான் துடுப்பு அந்தப் பக்கத்தில் இருந்ததால் வந்த பெயர். இடப்பக்கம் லார்போர்ட். இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பின்னே புயலை வைத்துக்கொண்டும் சொல்லிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான பொருளுள்ள இரண்டு சொற்கள், வாலில் ஒரே ஓசையோடு! பல நூற்றாண்டு இந்த ஆபத்தோடே வாழ்ந்தார்கள். மாலுமிகள் சுக்கான் ஏவல்களில் ‘போர்ட்’ என்ற வேறு சொல்லைப் பயன்படுத்திவந்தது உண்மைதான். 1844 நவம்பரில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அதையே கட்டாயமாக்கி லார்போர்டை விலக்கியது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் பின்பற்றியது. ஒரு சொல்லைச் சட்டம் போட்டுக் கொன்றார்கள் என்றால், கொல்லவேண்டிய தேவை இருந்தது.

இதைவிட விபரீதம் சுக்கான் ஏவலில் இருந்தது. பழைய கப்பலில் சுக்கானோடு இணைந்த கைத்தண்டை வலப்பக்கம் தள்ளினால் சுக்கான் பலகை இடப்பக்கம் போகும். கப்பலும் இடப்பக்கம் திரும்பும். ஏவல் கைத்தண்டைக் குறித்தது. எனவே ‘ஸ்டார்போர்ட்’ என்று உத்தரவிட்டால் கப்பல் இடதுபுறம் போகும். சக்கரம் வந்து, கைத்தண்டு கண்ணுக்கு மறைந்த பிறகும், நீராவி வந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கில் பனிமலையைக் கண்டதும் அதிகாரி முர்டோக் கொடுத்த உத்தரவு ‘ஹார்ட் எ-ஸ்டார்போர்ட்’. கப்பலின் மூக்கு இடப்புறம் திரும்பியது. அவர் விரும்பியதும் அதுதான். திரைப்படம் பார்த்துக் குழம்பியவர்கள் அதைப் பிழை என்கிறார்கள். பிழை ஏதுமில்லை. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இந்த முறை 1933இல்தான் மாறியது. பாய்க்கப்பலின் ஏவல், பாய் போன பிறகும் அவ்வளவு காலம் உயிரோடிருந்தது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கப்பல்களில் ஆசிய மாலுமிகள் பல்லாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். லஸ்கர் என்று அழைத்தார்கள். சிட்டகாங்கிலிருந்து, குஜராத்திலிருந்து, கொங்கணத்திலிருந்து, மலபாரிலிருந்து, நம் கரையிலிருந்தும் போனவர்கள். ஒருவன் பேச்சு ஒருவனுக்குப் புரியாது. ஆனால் ஒரே கயிற்றை ஒன்றாக இழுத்தாகவேண்டும். அதற்காக ஒரு கப்பல் பேச்சு உருவாயிற்று. தாமஸ் ரோபக் என்ற அதிகாரி 1811இல் கல்கத்தாவில் அதற்கு ஒரு அகராதி வெளியிட்டார். ஆங்கிலத் தலைவனுக்கு லஸ்கரின் மொழியைக் கற்றுத்தருவது நூலின் நோக்கம். யார் யாருடைய மொழியைப் படித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.  அமிதவ் கோஷ் ‘சீ ஆஃப் பாப்பிஸ்’ நாவலில் இந்தப் பேச்சைத்தான் மீண்டும் ஒலிக்கவிட்டார்.

அந்தப் பேச்சில் எல்லாக் கடலும் கலந்திருக்கிறது. முன்மரம் திரிகட், போர்த்துக்கீசியரின் ‘திராகெத்தே’. மேற்பாய் காவி, அவர்களுடைய ‘காவியா’. தமிழிலும் காவிப்பாய் என்று வந்து உட்கார்ந்துகொண்டது. துறவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதவிப் பெயர்களைப் பாருங்கள்: சாரங்கு பாரசீகம், மாலுமி அரபி. கற்பிப்பவன் என்ற பொருளுள்ள ‘முஅல்லிம்’ கப்பலில் வழிகாட்டியாகி, நம் வாயில் மாலுமியாகி, இன்று கப்பலில் வேலை செய்யும் எல்லோருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. சுக்கான் அரபி. நங்கூரம் பாரசீகத்து ‘லங்கர்’. நாமும் சும்மா வாங்கிக்கொண்டிருக்கவில்லை. தண்டல் என்ற நம் கரைச்சொல் ‘டிண்டல்’ என்று ஆங்கிலேயர் கப்பலேறியது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கலத் தலைவனைத் தண்டையல் என்பார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, தமிழனுக்குச் சொந்தச் சொல் இல்லையா என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஸ்கிப்பர், டெக், பூம், யாட் எல்லாம் ஆங்கிலேயன் டச்சுக்காரனிடம் வாங்கியவை. கடலை ஆண்டவன் கடன் வாங்க வெட்கப்படவில்லை. எனக்கு ஆர்வமூட்டுவது வேறொன்று. நம் கடற்கரையில் எந்தச் சொல் தமிழாகவே நின்றது, எது அயலிலிருந்து வந்தது என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பாருங்கள். கலத்தின் முன்பகுதி அணியம். உட்புற வளைகட்டைகள் வங்கு. பலகை, பாய், பாய்மரம், துடுப்பு, கயிறு. இவை உடம்பு. இந்த உடம்பு நம் கரையில், நம் தச்சன் கையில் உருவானது. அவனும் அவன் மகனும் பேசிக்கொள்ளத் தமிழ் போதும். சுக்கான், நங்கூரம், தாமான், காவி, சாரங்கு, கலாசி இவை ஓட்டம் சார்ந்தவை. பல ஊர்க்காரன் சேர்ந்து நிற்கும் தளத்தில் கத்தப்பட்டவை. அங்கே எல்லோருக்கும் பொதுவான சொல்லே உயிரைக் காப்பாற்றும். விதிவிலக்குகள் உண்டு, பாகுபாடு கோடு போட்டாற்போல் இருக்காது. ஆனாலும் சாய்வு இந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

பழந்தமிழில் ஓட்டத்துக்கும் சொல் இருந்தது. பாய்மரம் ‘கூம்பு’, பாய் ‘இதை’, கலம் செலுத்துபவன் ‘மீகாமன்’. புறநானூற்று முப்பதாம் பாட்டில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடுகையில், கூம்பையும் மேற்பாயையும் களையாமல், பாரத்தையும் குறைக்காமல் ஆற்றுமுகத்துக்குள் நுழையும் பெருங்கலத்தைச் சொல்கிறார். அங்கே வரும் மீப்பாய் என்ற ஒரு சொல், கீழே ஒரு பாயும் மேலே ஒரு பாயும் இருந்த கலத்தை நமக்குக் காட்டிவிடுகிறது. சாதவாகனர் நாணயங்களில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். துறைக்குள் நுழையும்போது பாயை இறக்குவதும் பாரத்தைக் குறைப்பதும் வழக்கமான வேலை. அதைச் செய்யத் தேவையில்லாத அளவுக்கு ஆழமான துறை என்பதுதான் புலவர் சொல்லும் பெருமை. ஓட்டம் தெரிந்தவர் யாரோ அவருக்கு அருகில் இருந்திருக்கவேண்டும். பின்னாளில் ‘இதை’, ‘கூம்பு’ என்ற சொற்கள் தளத்தைவிட்டு இறங்கி இலக்கியத்துக்குள் போய்விட்டன.

அளக்கும் சொற்களையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஐரோப்பியக் கப்பலில் வேகம் அறிய, கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் பலகை கட்டிக் கடலில் விட்டார்கள். 28 நொடி மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறதோ அத்தனை நாட் வேகம். கப்பலின் வேகத்தை நாட் கணக்கில் கேட்கும்போதெல்லாம் நீங்கள் அந்தக் கயிற்றைக் கேட்கிறீர்கள். ஆழத்துக்கு நம்மவர் அளவு பாகம்: இரு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறடி. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இழுத்தெடுக்கும்போது மாலுமி ஒவ்வொரு முறையும் கையை விரித்து அளக்கிறான். அளவுகோலே அவன் உடம்புதான். காற்றுக்கோ நம் கரையில் பெயர் குறைவில்லை: வாடை, கொண்டல், கச்சான், தென்றல், யாழ்ப்பாணத்தில் தென்மேற்குப் பருவத்துக்குச் சோழகம். இவை வெறும் திசைப்பெயர்கள் என்று நினைக்கவேண்டாம். சோழகம் எழுந்துவிட்டது என்றால் எந்தத் துறைக்குப் போகலாம், எதற்குப் போகமுடியாது என்பது அதிலேயே முடிவாகிவிடும்.

சொல்லே இல்லாத ஏவலும் உண்டு. ஏலேலோ, ஐலசா. பொருள் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. ஏலேலசிங்கன் என்ற பழைய வணிகனின் கதையைச் சொல்லிச் சமாளிப்பார்கள். பத்துப் பேர் தோள் ஒரே நேரத்தில் பின்னுக்குச் சாய்வதுதான் அதன் பொருள். மடிவலை இழுக்கும் அம்பாப் பாடல்களில் ஒருவன் வரியைப் பாடுவான். மற்றவர்கள் ஓசையைத் திருப்பித் தரும் அந்த அசையில்தான் இழுப்பு விழும். இவற்றைப் பதிவு செய்யும்போது பாடல் வரிகளை மட்டும் எழுதிக்கொண்டு, இழுப்பு எந்த அசையில் விழுகிறது என்பதை விட்டுவிட்ட தொகுப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு ஒரே ஒரு கப்பல். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் கட்டிய அன்னபூரணி. இரட்டைப் பாய்மரம். சிறிய பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்றிருந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்து மயங்கி வாங்கினார். தம் மனைவியின் பெயரால் ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றிக்கொண்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய், அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கிளாஸ்டர் துறையில் சேர்த்தார்கள். கிளாஸ்டரும் பாய்மரக் கப்பல்களுக்குப் பேர்போன மீன்பிடித் துறைதான். பாயும் பருமலும் அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. ஊர்க்காரர்கள் இக்கதையைச் சொல்லும்போது வீரத்தை முன்னிறுத்துகிறார்கள், நியாயந்தான். எனக்கோ அந்த அட்லாண்டிக் இரவுகளில் தண்டையல் என்னென்ன சொல்லிக் கூப்பிட்டார் என்ற பட்டியல் கிடைத்தால் போதும்.

எஞ்சின் வந்ததும் முதலில் செத்தவை ஓட்டச் சொற்கள். காவிக்கும் தாமானுக்கும் வேலை போயிற்று. உடம்புச் சொற்கள் தப்பின; கண்ணாடியிழைப் படகுக்கும் அணியம் உண்டு. பாகமும் தப்பியது, கருவி ஆழத்தைத் திரையில் காட்டும் இந்நாளிலும் பேச்சில் பாகமே வருகிறது. ஓட்டச் சொற்களில் ஒன்றிரண்டு ஆள் மாறிப் பிழைத்துக்கொண்டன. துறைமுகத்திலும் கட்டுமான இடங்களிலும் கிரேன்காரனுக்குச் சைகை காட்டுபவர் ‘ஆரியா’ என்றால் இறக்கு, ‘அபீஸ்’ என்றால் ஏற்று. ஆரியாவுக்கும் இனவாதத்துக்கும் தொடர்பில்லை. பாயை இறக்கு என்று போர்த்துக்கீசிய மாலுமி கத்திய ‘அர்ரியா’ அது. லஸ்கர் வாய்வழி வந்து, பாய் இல்லாத இடத்தில் இரும்புக் கம்பத்தைத் தரையில் இறக்கிக்கொண்டிருக்கிறது. அது பிழைத்த காரணம் எளிது. இரைச்சல் மிகுந்த இடம், தலைக்குமேல் தொங்கும் பாரம், தவறினால் சாவு: கப்பலில் இருந்த அதே நிலைமை இங்கேயும் இருக்கிறது.

ஆகவே தமிழில் கப்பல் சொல்லகராதி செய்ய முன்வருவோருக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களில் பரதவர் பேச்சைப் பேச்சாகவே கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அகராதியாளருக்கு அதைவிடக் கூடுதல் கடமை உண்டு. தாமான் என்ற தலைச்சொல்லுக்கு நேரே ‘பாயின் கீழ்மூலைக் கயிறு’ என்று எழுதி நிறுத்தவேண்டாம். அதை யார் பிடித்தார், எந்தக் காற்றில் இறுக்கினார், எப்போது விட்டார், விடச்சொல்லி என்ன வார்த்தை கத்தினார் என்பதையும் எழுதுங்கள். ரோபக் 1811இலேயே கப்பல் தொடர்களையும் சொற்களோடு சேர்த்துத் தந்தார். தூத்துக்குடியிலும் வல்வெட்டித்துறையிலும் பாய்த்தோணியில் போன முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘இதற்கு என்ன பெயர்’ என்று கேட்டால் ஒரு சொல் கிடைக்கும். ‘காற்று திடீரென்று வாடைக்குத் திரும்பினால் என்ன சொல்வீர்கள்’ என்று கேளுங்கள்; எழுந்து நின்று, கையையும் வீசிக் காட்டுவார்கள். ஒளிப்பதிவுக் கருவியோடு போவது நல்லது.